பதம்

பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.
பிறப்பு, இறப்பு, மணமுறிவு, கப்பலேற்றம்,
எதுவானாலும் ஒரே விலை.
புஸ்ஸி வீதி மாடியறையில்
பிரெஞ்சைத் தமிழாக்கி முத்திரை குத்துகிறேன்.

ரெயூனியன் தீவிலிருந்து வந்திருந்தாள்
சில்வி மரிமுத்து.
கடைசி எழுத்தை ஏணியில் ஏற்றித்தான்
தன் பெயரையே சொன்னாள்.
பாகூரில் கண்டுபிடித்த பங்காளிகள்
முதல் நாளே கேட்டுவிட்டார்களாம்:
எரிமலை மேலயா குடியிருக்கீங்க?
பதிலை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.
மூன்று பக்கம். தமிழில் வேண்டும்.

முதல் வரியிலேயே விரல் நின்றது.
அவள் மலை எரிவதில்லை, ஊற்றுகிறது.
கவிழ்த்த கேடயம்போல் அகலமாகப் படுத்த மலை.
விலாவில் ஒரு வெடிப்பு விடும்.
நெருப்பு வரிசையாக எழுந்து திரைச்சீலையாய் ஆடும்.
அப்புறம் ரசம்போல இளகிய குழம்பு
தன்பாட்டுக்குக் கடலைப் பார்த்து நடக்கும்.
குறுக்கே தார்ச்சாலை கிடந்தால் தின்னும்.
சனங்கள் சோறு கட்டிக்கொண்டு பார்க்கப் போவார்கள்,
வண்டி நிறுத்த இடம் காட்டுவது போலீஸ்.
ஆறிய கறுப்பின்மேல்
மறுபடியும் சாலை போடுவார்கள்.

சரிவெல்லாம் குட்டிக் கூம்புகள்.
ஒரேயொருமுறை தும்மிக் கங்கு துப்பி,
துப்பியதன் குவியலுக்குள்ளேயே
உட்கார்ந்துவிட்டவை.

இத்தனைக்கும் நம்மிடம் ஒரே பதம்.

கப்பல் பட்டியலைப் புரட்டினேன்.
மரிமுத்து, வயது பத்தொன்பது, ரெயூனியன்.
ஐந்து மாதம் கழித்து
தம்பி அய்யாக்கண்ணு, பதினேழு, மர்த்தினிக்,
இறங்கிய துறை சென்-பியேர்.
இதே அலையில், இதே சலங்குப் படகில்தான்
இரண்டு பேரும் கப்பலுக்குப் போயிருக்க வேண்டும்.
இவர் கடிதத்தில் இல்லையே, என்றேன்.

அந்த மலை வேறு, என்றாள்.

சாம்பல்மேல் குழம்பு, குழம்புமேல் சாம்பல் என்று
அடுக்கடுக்காய்ச் செங்குத்தாக ஏறிய மலை.
உள்ளே களிப் பதம்.
ரசம் கொதித்தால் ஆவி சும்மா போய்விடும்.
கேழ்வரகுக் களி அப்படியில்லை,
மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்து
ஒரு குமிழ் உடையும்,
துடுப்புப் பிடித்த கை வெந்துபோகும்.
மலையளவு களி. அரை நூற்றாண்டு மூச்சு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, மே எட்டு,
காலை எட்டு மணி இரண்டு நிமிஷம்.
குழம்பு வரவேயில்லை.
ஆவியும் சுடுதூளும் கல்லும் சேர்ந்த ஒரு மேகம்
தரையோடு தரையாக இறங்கிற்று.
ஊரில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர்.
அடங்கிய பிறகு
வாயில் இறுகிய பிசின் குழம்பு
மாதக்கணக்கில் தூணாக வளர்ந்தது,
பள்ளிவாசல் மினார்போல, அதைவிடப் பல மடங்கு.
அடுத்த வருஷம் தானே நொறுங்கிற்று.

அய்யாக்கண்ணுக்கு அப்போது ஐம்பது வயது.
இருந்தாரோ, முன்பே போனாரோ,
தீவின் தென்பக்கத் தோட்டம் எதிலாவது
கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாரோ.
சென்-பியேருக்குப் பிறகு
அவர் பெயர் போட்ட காகிதம்
அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில்
தடுப்புக் கற்களைத் தடவிப் பார்த்தாள்.
இந்தக் கறுப்பு எரிமலைக் கல்லா?
இல்லை, லாரியில் வந்தது, குவாரிக் கல்.
இங்கே மலையே கிடையாதா?
கோரிமேடு இருக்கிறது, என்றேன்.
ஆஸ்பத்திரி இருக்கும் மேடு.
சிரித்தாள். பிறகு கேட்டாள்,
நாலாம் பக்கம் ஒன்று சேர்க்கலாமா?
சேர்க்கலாம். முந்நூறு ரூபாய்.

இரவு உட்கார்ந்து தட்டினேன்.
தம்பியின் பக்கத்தில் எரிமலை என்றே போட்டேன்.
அண்ணனுடையதற்கு
ஊற்றுமலை.
அப்படியொரு சொல்லே இல்லையென்று
கணினி அதன் அடியில்
சிவப்பாக ஒரு நெளிகோட்டை ஓடவிட்டது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.